பித்தப்பைக்கு ஒரு விலைச்சீட்டு

பில் சாரின் மாமியாருக்கு உலகத்தில் இரண்டே பொருள்களின் மேல்தான் நம்பிக்கை. ஒன்று அளவு நாடா. இன்னொன்று விலைச்சீட்டு.

முப்பத்தொரு வருடமாகத் தையல் கடை நடத்துகிறவர். சட்டையோ, பள்ளிச் சீருடையோ, ஜன்னல் திரையோ, துணி மேசைக்கு வந்ததும் அளவெடுப்பார். காதில் செருகிய பென்சிலை உருவி ஒரு துண்டுச் சீட்டில் துணி இவ்வளவு, கூலி இவ்வளவு, பொத்தான் இவ்வளவு என்று எழுதி நீட்டுவார். வந்தவர் அதைப் படித்துத் தலையாட்டிய பிறகுதான் கத்திரி பெட்டியை விட்டு வெளியே வரும். தலையாட்டலில் உறுதி போதவில்லை என்று பட்டால் இன்னொரு தடவை ஆட்டச் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பித்தப்பையில் கல் வந்தது. கல்லுக்கு ஆள் பார்த்து வரத் தெரியவில்லை.

முதல் இரண்டு வலியை அவர் வாயு என்று சொல்லிச் சமாளித்தார். மூன்றாவது வலி மிஷினில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. வலியில் குனிந்தவரின் கால் மிதியை அழுத்திக்கொண்டே இருக்க, மிஷின் தன்பாட்டுக்கு ஓடி, ஒரு வங்கி மேலாளருடைய சட்டையின் இரண்டு கைகளையும் வாயடைத்துத் தைத்துவிட்டது. தொழிலில் கை வைத்ததும் மாமியார் பயந்து டாக்டரிடம் போனார்.

"எடுத்துடணும்மா. நாலாவது தடவை வரைக்கும் காத்திருக்காதீங்க. கல்லு நகர்ந்து குழாயை அடைச்சுதுன்னா காமாலை, காய்ச்சல், அவசர ஆபரேஷன்னு எல்லாம் ஊர்வலமா வரும்" என்றார் டாக்டர்.

"எடுங்க. மொத்தம் எவ்வளவு?"

டாக்டர் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். "அதை வெளியில கேட்டுக்கங்கம்மா."

வெளியில் என்றால் பில் கவுண்டர். பில் கவுண்டரில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருப்பவர் பில் சார். அதாவது மாப்பிள்ளை.

அன்று சாயங்காலம் பில் சார் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கூடத்தில் நீதிமன்றம் கூடியிருந்தது. மாமியார் நாற்காலியில். மனைவி சமையலறை வாசலில், கையில் கரண்டியோடு, அரசுத் தரப்பு வக்கீல் மாதிரி.

"மொத்தம் எவ்வளவு ஆகும் மாப்பிள்ளை?"

பில் சார் தொண்டையைச் செருமினார். பதினான்கு வருடமாக ஆயிரக்கணக்கான பேருக்குச் சொன்ன பதில் தானாகவே வாயில் வந்து நின்றது. "அது... ஆகும்போதுதான் தெரியும் அத்தை."

"பில்லு போடுறது நீங்கதானே?"

"நான்தான்."

"போடுற உங்களுக்கே தெரியாதா?"

"போடும்போது தெரியும்."

மனைவி கரண்டியால் கதவைத் தட்டினாள். "அம்மா, இவருக்குத் தெரியும். சொன்னா நீ ஓடிடுவேன்னு பயப்படுறாரு."

மாமியார் சிரிக்கவில்லை. வலது விலாவின் மேல் கையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "துணியில கத்திரி வைக்கிறதுக்கு முன்னாடி நான் விலை சொல்றேன். உடம்புல கத்தி வைக்கிறவங்க சொல்ல மாட்டாங்களாமா? ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை. மறுநாளே படுக்கிறேன். அதுவரைக்கும் கல்லு உள்ளயே இருக்கட்டும். என் கல்லு, நான் சுமக்கிறேன்."

"உங்க ஆஸ்பத்திரிச் சுவத்துல முட்டிக்கிட்டாவது அந்தத் தாளை வாங்கிட்டு வாங்க. எங்கம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கு நான் ஒரு பில்லு போடுவேன். அது போடும்போதுதான் தெரியும்" என்றாள் மனைவி.

பில் சார் சோம்பேறி இல்லை. திருடரும் இல்லை. அவருடைய தொல்லைக்குப் பெயர் 'இதர'.

ஆஸ்பத்திரி மூன்று மாடி, இருபத்திரண்டு படுக்கை. டாக்டரின் அப்பா கட்டியது. பில்லில் படுக்கை, மருந்து, ஆபரேஷன் அறை, மயக்க மருந்து, டாக்டர் கட்டணம் என்று வரிசையாக வந்து, கடைசிக்கு முந்திய வரியாக 'இதர' என்று ஒன்று நிற்கும். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். 'இதர' என்ற மூன்றெழுத்துப் பெட்டிக்குள் பூசணித் தோட்டத்தையே மறைக்கலாம் என்பது பில் சாரின் அனுபவம்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று, முந்தின பில்லைப் பார்த்து அடுத்த பில்லைப் போடச் சொன்னார்கள். போட்டார். அதைப் பார்த்து அடுத்ததைப் போட்டார். இப்படியே பதினான்கு வருடம் ஓடியது. கூடவே, பெரியவர், அதாவது டாக்டரின் அப்பா, உயிரோடு இருந்தபோது ஒரு விதி சொல்லிவைத்திருந்தார்: மொத்தம் ஒருபோதும் பூச்சியத்தில் முடியக் கூடாது. "பூச்சியத்துல முடிஞ்சா நாமளா போட்ட மாதிரி இருக்கும். ஏழுல முடிஞ்சா கணக்குப் பாத்த மாதிரி இருக்கும்." ஆகவே பில் சார் கடைசியில் 'இதர'வைக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் தள்ளி, எல்லா பில்லையும் ஏழில் முடித்தார். பித்தப்பை என்றால் சாதாரணமாக அறுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பத்தேழு. கால் முறிவென்றாலும் கடைசி எண் ஏழுதான்.

மாமியார் கல்லைச் சுமக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆன ஒரு புதன்கிழமை, புதிய சட்டம் வந்தது.

டாக்டர் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு அரசாங்கக் கடிதத்தை மேசையில் வைத்தார், பாம்பை வைப்பது மாதிரி. சட்டத்தில் சொல்லியிருந்தவை மூன்று. எல்லாக் கட்டணமும் வாசலில் பலகையில் இருக்க வேண்டும், நோயாளிக்குப் புரியும் சொற்களில். சிகிச்சைக்கு முன்னால் மொத்தத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் கூடியது ஆஸ்பத்திரி தலையில். மூன்றாவது, 'இதர', 'பிற', 'முதலியன' என்ற பெயரில் எந்த வரியும் பில்லில் வரக் கூடாது.

அறையிலிருந்த அத்தனை பேரும் பில் சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நெருங்கிய உறவினர் காலமானதைக் கேட்டவரின் முகம் அவருக்கு.

"எதிர்ல இருக்கிற கண்ணாடி ஆஸ்பத்திரியில நேத்தே பலகை மாட்டிட்டாங்க" என்றார் பெரிய சிஸ்டர். நர்சுகளுக்கெல்லாம் தலைவி, பதினெட்டு வருடமாக அந்த வார்டுகளில் நடந்து நடந்து செருப்பு மட்டுமே முப்பது ஜோடி தேய்த்தவர். "போய்ப் பாத்தேன். ஒரு பெரிய செடிக்குப் பின்னாடி இருக்கு. எழுத்து எறும்பு சைசு. படிக்கணும்னா முதல்ல அவங்ககிட்டயே கண் ஆபரேஷன் பண்ணிக்கணும்."

டாக்டர் புன்னகைத்தார். ஆபரேஷன் அறையில் அவர் புலி. கத்தியைக் கீழே வைத்துவிட்டால் பூனை. காசைப் பற்றிப் பேச்சு வந்தாலோ பூனைக்குட்டி. "நாம செடி வைக்க வேண்டாம்" என்று மட்டும் மெல்லச் சொன்னார். "பில் சார், திங்கக்கிழமைக்குள்ள இதரக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துடுங்க."

பில் சாருக்குப் பயத்தோடு கூடவே ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. மாமியார் கேட்ட தாளை அரசாங்கமே இப்போது கேட்கிறது. இருவரும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். பில் சார் இரும்பு அலமாரியைத் திறந்து பெரியவரின் பழைய பேரேட்டை எடுத்தபோது பூதங்கள் குடும்பத்தோடு கிளம்பின. 'இதர' என்று தலைப்பிட்ட ஒரே ஒரு பக்கம். அதில் முதல் வரி: ஜெனரேட்டர் டீசல். அந்த ஜெனரேட்டரை விற்று ஒன்பது வருடம் ஆகிறது. அது ஒரு ஐஸ் கம்பெனியில் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு டீசல் வாங்கும் புண்ணியம் மட்டும் இங்கே குடலிறக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சேர்ந்துகொண்டிருந்தது. அடுத்தது ஃபேக்ஸ் மிஷின் வாடகை, ஃபேக்ஸ் காகிதம், ஃபேக்ஸ் மிஷினுக்குத் தூசி படாமல் உறை. பிறகு பூந்தொட்டி நாற்பது. யாரோ ஓர் உயர் அதிகாரி பார்வையிட வருவதாக வாங்கியவை. அதிகாரி வாசல் வரை வந்து, போன் வந்து, அப்படியே திரும்பிப் போய்விட்டார். செடிகள் மனம் உடைந்து அந்த வாரமே செத்துப்போயின. நோயாளிகள் மட்டும் இன்றுவரை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பூதங்களைக் கூட்டிப் பார்த்தால் பித்தப்பை ஒன்றுக்கு ஒன்பதாயிரம் வந்தது.

அதற்குக் கீழே 'நர்ஸ் கவனிப்பு: நாலாயிரம்' என்று இருந்தது. பில் சார் இதைப் பெரிய சிஸ்டரிடம் காட்டியது அறியாமல் செய்த பிழை.

"நாங்க இதரக்குள்ளயா இருக்கோம்?"

"ஆமா சிஸ்டர்."

"செத்த செடிக்குக் கீழயா?"

"வரிசைப்படி பாத்தா..."

"ராத்திரி பகல்னு ஓடி, ஊசி போட்டு, வாந்தி அள்ளி, 'வீட்டுக்குப் போகணும்'னு அழுறவங்களுக்குத் தலை சீவி விட்டு... பதினெட்டு வருஷமா நான் இதரவா?" பெரிய சிஸ்டர் இடுப்பில் கை வைத்தார். "பலகையில எங்களுக்குத் தனி வரி வேணும். பெரிய எழுத்துல. படுக்கைக்கு மேல."

"போட்டுடறேன் சிஸ்டர்."

"இப்பவே எழுதுங்க. நான் பாக்கணும்."

எழுதினார். எழுதியதை சிஸ்டர் இரண்டு தடவை படித்துவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வழக்கத்தை விட ஓர் அங்குலம் உயரமாக வெளியே நடந்து போனார்.

ஏழில் முடிப்பதற்காகத் தானே இழுத்துவிட்ட நாற்பத்தேழைப் பில் சார் சத்தமில்லாமல் அடித்தார். இன்னும் ஓர் ஏழாயிரம் மிச்சம் இருந்தது. பக்கத்தின் அடியில், பென்சிலில், பெயரே இல்லாமல் '7000' என்று மட்டும். பேரேட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனார்.

"சார், இது எதுக்குன்னு தெரியல."

டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அது... பரவாயில்ல. எடுத்துடுங்க."

பில் சார் எடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் பலகை வாசலில் ஏறியது. செடி இல்லை. எழுத்து கட்டைவிரல் உயரம். 'நோயாளிக்குப் புரியும் சொற்களில்' என்று சட்டம் சொல்லியிருந்ததைப் பில் சார் எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்டார். அதுதான் நடந்த கூத்துக்கெல்லாம் காரணம்.

'டாக்டர் படுக்கைக்கு வந்து பார்ப்பது, ஒரு தடவை: 300. வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் கட்டணம் இல்லை.' 'நர்ஸ் கவனிப்பு, ஒரு நாள்: 2,000. கூப்பிட்டால் வருவது, கூப்பிடாமலே வருவது இரண்டும் சேர்த்து.' 'பித்தப்பையில் எடுத்த கல் உங்களுக்கே தரப்படும். அதற்குக் கட்டணம் இல்லை.'

பத்து மணிக்குள் வாசலில் கூட்டம். காய்ச்சல்காரர்கள் இரண்டு பேர். மீதிப் பேர் படிக்க வந்தவர்கள். பேருந்துக்குக் காத்திருந்த ஒருவர் பேருந்தை விட்டுவிட்டு நின்று படித்தார். ஒரு முதியவர் பில் சாரிடம் வந்து, "தம்பி, எனக்கு இந்த மூணாவது ஐட்டமும் ஆறாவது ஐட்டமும் மட்டும் போதும்" என்றார். ஆறாவது பிரசவம் என்று பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மாடியில் வேறு விதமாக இருந்தது. டாக்டர் வழக்கம்போல வார்டு வாசலில் தலையை நீட்டி "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு நகரப் பார்த்தார்.

"டாக்டர், இது ஃப்ரீயா, முந்நூறா?" என்றார் கால் உடைந்து படுத்திருந்த லாரி டிரைவர்.

டாக்டர் நின்றார். யோசித்தார். உள்ளே வந்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அந்த வார்டில் உட்கார்ந்ததால் முக்காலி எவ்வளவு உயரம் என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். லாரி டிரைவர் முந்நூறுக்கும் வஞ்சனையில்லாமல் பேசினார். காலைப் பற்றி இரண்டு நிமிடம், எட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த நெஞ்செரிச்சலைப் பற்றி நாலு நிமிடம், கிளீனரின் குறட்டையைப் பற்றி மீதி. டாக்டர் எழுந்தபோது முகம் சிவந்திருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று பெரிய சிஸ்டரிடம் சொன்னார். எது என்று சொல்லவில்லை.

எல்லாருக்கும் இப்படி இனிக்கவில்லை. நர்சுகள் ஒவ்வொரு பஞ்சுக்கும் குறிப்பு எழுதினார்கள். பில் சாருக்கு வேலை மூன்று மடங்காகி, விரல்கள் பேனா பிடித்தபடியே தூங்கின. ஆனால் பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக, கவுண்டரில் யாரும் அவரைப் பார்த்துப் பல்லைக் கடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் பில் சார் தையல் கடைக்குப் போனார். நடையில் ஒரு மிடுக்கு. கையில் தாள். டாக்டர் கையெழுத்து, தன் கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தன. மனைவியும் கடையில்தான் இருந்தாள். கணவனின் வெற்றியைப் பார்க்க அரை நாள் லீவு போட்டிருந்தாள்.

"இந்தாங்க அத்தை. மொத்தம் நாப்பத்தஞ்சாயிரத்து முந்நூறு. இதர இல்ல. ஏழும் இல்ல."

மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே இறங்கினார். படுக்கை, சரி. மருந்து, சரி. நர்ஸ் கவனிப்பு, "இது நியாயம்." மயக்க மருந்து டாக்டர் பதினோராயிரம், சரி. ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஐயாயிரம்.

பென்சில் நின்றது.

"இது என்ன மாப்பிள்ளை?"

"அதுதான் டாக்டர் கூலி அத்தை."

"தூங்க வைக்கிறவருக்குப் பதினொண்ணு. வெட்டித் தைக்கிறவருக்கு அஞ்சா?"

"குறைச்சல்தானே அத்தை? நல்லதுதானே?"

மாமியார் தாளைத் திருப்பி அவரிடமே நீட்டினார். "நான் படுக்க மாட்டேன்."

மனைவி தலையில் கை வைத்தாள். "அம்மா! கூட இருந்தா கொள்ளைங்கிற, குறைச்சலா இருந்தா படுக்க மாட்டேங்கிற. உனக்கு என்னதான்மா வேணும்?"

"குறைச்ச கூலிக்குத் தைக்கிறவன் தையல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஒரு துவைப்புல பிரியும். சட்டைன்னா திரும்பக் கொண்டு வரலாம். நான் எங்க கொண்டு போறது? ஒண்ணு, அவருக்கு வேலை தெரியாது. இல்ல, வேற எங்கயோ மறைச்சு வாங்குறாரு. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெ..."

அந்தச் சொல் முடியவில்லை. மாமியாரின் கை வலது விலாவுக்குப் போனது. முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாகப் பூத்தது. நாலாவது வலி.

மனைவி ஓடி வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். முகத்திலிருந்த கேலி எல்லாம் போய்விட்டது. "அம்மா, போதும்மா. வாம்மா."

"வரேன். படுக்கிறதுக்கு இல்ல. கேக்கிறதுக்கு" என்றார் மாமியார், பல்லைக் கடித்துக்கொண்டு. தாளைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொள்ள மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலி கொஞ்சம் தணிந்தது. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேனைப் பார்த்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "கல்லு இன்னும் குழாய்க்குள்ள இறங்கல. அதிர்ஷ்டம். நாளைக்குக் காலையிலேயே பண்ணிடலாம்மா. தள்ளிப் போடாதீங்க."

மாமியார் படுத்தபடியே தாளை விரித்தார். "எத்தனை வருஷமா இந்த வேலை பாக்குறீங்க?"

"இருபத்தாறு."

"இந்த மாதிரிப் பை எத்தனை எடுத்திருப்பீங்க?"

"ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கும்மா."

"அப்ப ஏன் கூலி அஞ்சாயிரம்?"

டாக்டர் நிமிர்ந்து மின்விசிறியைத் தேடினார். அந்த அறை ஏசி அறை. மின்விசிறி இல்லை. கண் எங்கும் ஒட்டாமல் சுற்றிவிட்டு மாமியாரின் முகத்தில் வந்து விழுந்தது.

"அது... அப்பா வச்ச ரேட்டு. பதினோரு வருஷம் ஆச்சு. ஏத்தணும்னு நினைப்பேன். யாராவது எவ்வளவுன்னு கேட்டா வாய் வராது. அதனால..." குரல் தேய்ந்தது. "ஏழாயிரத்தை இதரக்குள்ள போட்டுட்டேன்."

பில் சாருக்கு உடனே பென்சில் எழுத்து நினைவுக்கு வந்தது. பெயரில்லாத பூதம் இவர்தானா! பெரிய சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். பதினெட்டு வருடமாக 'இதர'வுக்குள் தனியாகத்தான் இருந்தோம் என்று நினைத்திருந்தவருக்கு, பக்கத்து வீட்டிலேயே டாக்டர் குடியிருந்தது இப்போதுதான் தெரிந்தது.

"அடப் பாவமே" என்றார் மாமியார். கோபம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. "வயித்தைக் கிழிக்கக் கை நடுங்காது. வாயைத் திறந்து கூலி கேக்க நடுங்குதா? வேலை தெரிஞ்சவன் கூலியை எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? ஒளிச்சா எனக்குத்தானே சந்தேகம் வரும்? நிமிந்து சொல்லுங்க. உங்க கூலி எவ்வளவு?"

டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டார்.

"பன்னெண்டாயிரம்" என்றார்.

"கேக்கல."

"பன்னெண்டாயிரம்!"

நடைபாதையில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். மாமியார் காதிலிருந்த பென்சிலை எடுத்து, ஐயாயிரத்தை அடித்து, பன்னிரண்டாயிரம் என்று எழுதினார். மொத்தத்தை ஐம்பத்திரண்டாயிரத்து முந்நூறு என்று திருத்தினார். "பேரம் பேச மாட்டேன். நல்ல தையலுக்கு இது நியாயமான கூலி. கையெழுத்துப் போடுங்க." டாக்டர் போட்டார். மாமியார் தலையாட்டினார். உறுதியான தலையாட்டல், இரண்டாவது தடவை ஆட்ட வேண்டியிருக்கவில்லை.

பலகையிலும் அன்றே திருத்தம் ஏறியது. டாக்டர் வெளியே வந்து தன் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றிருந்த, அவருக்கு முன்பின் தெரியாத ஓர் ஆளிடம், "பன்னெண்டாயிரம்" என்றார். பழகிப் பார்த்தாராம்.

மறுநாள் காலை பித்தப்பை வெளியே வந்துவிட்டது. கற்கள் பதினொன்று. பெரிய சிஸ்டர் ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். மயக்கம் தெளிந்ததும் மாமியார் முதலில் கேட்டது தண்ணீர் இல்லை, கண்ணாடி. கைக் கண்ணாடியைப் பிடித்து வயிற்றில் இருந்த நாலு சின்னத் துளைகளையும் அவற்றின் மேலிருந்த தையலையும் வெகுநேரம் ஆராய்ந்தார். மகளும் மாப்பிள்ளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இடைவெளி சமமா இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். "முடிச்சை உள்பக்கம் போட்டிருக்காரு. பன்னெண்டு கொடுக்கலாம்."

மகள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு பாட்டிலிலிருந்த கற்களைப் பார்த்துச் சிரித்தாள். மாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்க வைக்காதடி, தையலு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தார்.

வீட்டுக்குப் போகும் நாளில் பில் சார் தன் வாழ்க்கையிலேயே அதிகப் பயத்தோடு ஒரு பில்லை நீட்டினார். ஒரு பக்கம் எஸ்டிமேட், மறுபக்கம் பில். மாமியார் பென்சிலோடு இரண்டையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தார். ஒரு வலி ஊசி குறைந்திருந்தது. மொத்தம் ஐம்பத்திரண்டாயிரத்து நூற்று எண்பது. பூச்சியத்தில் முடிந்த முதல் பில். ஏழில் முடிக்கச் சொல்லி விரல் துடித்தது. பில் சார் கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்ப, மொத்தத்தையும் முன்னாடியே கட்டின எனக்கு நூத்தியிருபது மிச்சம் வரணுமே?"

ஆஸ்பத்திரி வரலாற்றில் யாருக்கும் பணம் திரும்பிப் போனதில்லை. அதற்குப் படிவமே இல்லை. பில் சார் வெள்ளைத் தாளில் கோடு போட்டு ஒரு படிவம் செய்து, அதில் மாமியாரின் கையெழுத்தை வாங்கி, நூற்றிருபதை எண்ணிக் கொடுத்தார். கொடுக்கும்போது பெரிய சிஸ்டர் கை தட்டினார். லாரி டிரைவர் மாடியிலிருந்து ஊன்றுகோலைத் தட்டினார், என்ன விஷயம் என்று தெரியாமலே.

"பரவாயில்ல மாப்பிள்ளை. பில்லு போடக் கத்துக்கிட்டீங்க" என்றார் மாமியார். பதினான்கு வருட சர்வீஸில் இதைவிடப் பெரிய பதவி உயர்வு பில் சாருக்குக் கிடைத்ததில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் தையல் கடைக்கு வந்தார். அவருடைய வெள்ளைக் கோட்டின் தோள் இரண்டு அங்குலம் தொங்குகிறது என்று படுக்கையில் இருந்தபோதே மாமியார் கண்டுபிடித்திருந்தார். அவர் அளவெடுத்தார். பில் சார் ஓரமாக உட்கார்ந்து, பொத்தான் பாட்டில்களுக்கு நடுவே ஒரு பாட்டிலில் 'இது தைக்கிறதுக்கு இல்ல' என்று சீட்டு ஒட்டியிருந்த பதினொரு கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் விலைச்சீட்டை எழுதி நீட்டினார். டாக்டர் படித்தார். பில் சாரும் தொழில் பழக்கத்தில் எட்டிப் பார்த்தார். துணி இவ்வளவு. கூலி இவ்வளவு. பொத்தான் ஆறு இவ்வளவு. அதற்குக் கீழே ஒரு வரி: 'இதர: தள்ளுபடி 120.'

பில் சாருக்குள் இருந்த சட்டம் எழுந்து நின்றது. "அத்தை, என்ன இது? இதரன்னு போடக் கூடாதே. வந்தவங்களுக்குப் புரியிற மாதிரி எழுதணும். எதுக்குத் தள்ளுபடி? என்ன காரணம்?"

மாமியார் பென்சிலைக் காதில் செருகினார். எடுத்தார். மறுபடி செருகினார். பிறகு தலைக்கு மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

டாக்டரும் பார்த்தார்.

மின்விசிறி ஓடவில்லை. சுவிட்சே போடவில்லை. இருந்தும் இரண்டு பேரும் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.